மாட்டிலையான்: அதன் வாழ்க்கையும் அதனைக் கட்டுப்படுத்தும் முறைகளும்

வயலிற் சேறு கலக்கும் காலத்தில், வெயில் ஏறிய பின்னர், அமைதியாக ஏரிழுத்துச் சென்ற எருது திடீரெனத் துள்ளுவதையும், வாலைச் சுழற்றி அடிப்பதையும், நுகத்தை உதறி வரம்பின்மேல் ஏறுவதையும் கமக்காரர் பலர் கண்டிருப்பர். இது எருதின் பிடிவாதமென்று எண்ணி அடிப்பவரும் உளர். ஆனால், அதன் வயிற்றின் கீழ்ப்புறத்தையோ காலையோ நோக்கினால், பருத்த இலையான் ஒன்று தோலைக் கிழித்துக் குருதி உண்பதைக் காணலாம். அது பறந்தபின் அவ்விடத்திலிருந்து குருதித்துளி வழியும். இதுவே மாட்டிலையான் எனப்படும்.

இவ்விலையானால் உழவு தடைப்படுகின்றது, பால் குறைகின்றது, விலங்கு மெலிகின்றது. இவையனைத்தினும் பெரிய தீங்கு யாதெனில், நோயுற்ற விலங்கின் குருதியை இது தன் வாயிற் கொண்டு சென்று நோயற்ற விலங்கின் உடலிற் சேர்ப்பதாகும். ஓரிணை எருதையோ இரண்டொரு பசுவையோ மாத்திரம் உடைய குடும்பத்துக்கு ஒரு விலங்கின் இழப்பு ஒரு போகத்தின் இழப்பை ஒக்கும். ஆகவே, மாட்டிலையான் எங்கே பிறக்கின்றது, எவ்வாறு வளர்கின்றது, எவ்வாறு விலங்கைத் தேடி அடைகின்றது என்பவற்றைக் கமக்காரர் அறிந்திருத்தல் வேண்டும். அவற்றை அறியாது செய்யும் முயற்சி பெரும்பாலும் வீணாகும்.

மாட்டிலையானை அறிந்துகொள்ளல்

மாட்டிலையான்கள் தபானிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகில் இக்குடும்பத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஆசியாவின் வெப்ப நாடுகளில் மாடுகளையும் எருமைகளையும் வருத்தும் இனங்களுள் தபானசு இசுத்திரியேற்றசு என்பது பேர்பெற்றது. இதனை 1787 ஆம் ஆண்டில் பபிரீசியசு என்னும் அறிஞர் முதன்முதல் விவரித்துப் பெயரிட்டார். இப்பெயர் ‘கோடுடையது’ எனப் பொருள்படும். இதன் வயிற்றின் முதுகுப்புறத்தில் நீளவாக்கில் வெளிறிய கோடுகள் காணப்படும். 1913 ஆம் ஆண்டில் பிலிப்பைன் தீவுகளில் மிற்சுமேன் என்பவர் இவ்விலையானின் வாழ்க்கையை ஆராய்ந்து வெளியிட்டார். நெல்லும் எருமையும் ஒருங்கே உள்ள நாட்டில் நிகழ்ந்த ஆராய்ச்சியாதலின் அது நெற்செய்கையாளருக்கு மிகவும் ஏற்புடையது.

மாட்டிலையானை ஏனைய இலையான்களிலிருந்து பிரித்தறிதல் எளிது. வீட்டிலையானிலும் இது பலமடங்கு பெரியது, உடல் தடித்தது, தலை அகன்றது. தலையின் பெரும்பகுதியை இரு கண்களே நிரப்பியிருக்கும். உயிருள்ளபோது இக்கண்கள் பச்சையாகவோ செம்பு நிறமாகவோ மின்னும். ஆண் இலையானின் கண்கள் நடுவில் ஒன்றையொன்று தொடும். பெண்ணின் கண்களுக்கிடையே ஓர் ஒடுங்கிய இடைவெளி உண்டு. ஒன்றைப் பிடித்துத் தலையை நோக்கினாலே ஆணா பெண்ணா என்பதைச் சொல்லிவிடலாம்.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக அறிதல் வேண்டும். மாட்டுத் தொழுவத்தில் கால்களை மொய்த்துக் கடிக்கும் சிறிய இலையான் ஒன்றுண்டு. அது வீட்டிலையானின் பருமனுடையது. தலைக்கு முன்னே ஊசிபோல் நீட்டிய வாயை உடையது. அது தொழுவ இலையான் எனப்படும். சிறுநீரும் சாணமும் கலந்து அழுகும் வைக்கோலில் அது பெருகும். ஆகவே, தொழுவத்தைத் துப்புரவாக வைத்தால் அது குறையும். மாட்டிலையானோ சாணத்திற் பிறப்பதன்று. சாணக்குழியை எவ்வளவு துப்புரவாக்கினும் மாட்டிலையான் குறையமாட்டாது. இரண்டையும் ஒன்றென மயங்குவோர், தொழுவத்தைக் கூட்டிய பின்னரும் இலையான் குறையவில்லையே என்று சலிப்படைகின்றனர். மாட்டிலையானின் பிறப்பிடம் தொழுவமன்று; நீரோரச் சேறே.

முட்டை

குருதி உண்ட பெண் இலையான் சில நாட்களில் முட்டையிடும். அதற்கு அது தெரிந்தெடுக்கும் இடம், நீரின்மேலோ ஈரச் சேற்றின்மேலோ சாய்ந்து நிற்கும் இலை, புல், கோரை, நாணல் என்பவையாகும். குளத்தோரம், வாய்க்காலோரம், வடிகால், நீர் தேங்கிய வயலின் மூலை, துரவின் விளிம்பு, எருமை புரளும் சேற்றுக்குழியின் சுற்றுப்புறம் ஆகிய இடங்கள் இதற்கு ஏற்றவை.

முட்டைகள் தனித்தனியே இடப்படுவதில்லை. நூறு முதல் ஆயிரம் வரையான முட்டைகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டு, பசையினால் ஒட்டப்பட்ட ஒரு கட்டியாக இலையிற் பதிந்திருக்கும். இடப்பட்டவுடன் இக்கட்டி வெண்ணிறமாக இருக்கும். சில மணி நேரத்துட் சாம்பல் நிறமாகிப் பின்னர்க் கபிலமாகவோ பளபளப்பான கருமையாகவோ மாறும். பயிற்சியுள்ள கண்ணுக்கு இக்கருங்கட்டி பச்சை இலையில் எளிதிற் புலப்படும். வெப்பமான காலநிலையில் ஏறக்குறைய ஒரு வாரத்துள் முட்டைகள் பொரிக்கும். ஒரு கட்டியிலுள்ள முட்டைகள் யாவும் ஏறக்குறைய ஒரே வேளையிற் பொரித்து, குடம்பிகள் கீழேயுள்ள நீரிலோ சேற்றிலோ விழும்.

ஒரு கட்டியைக் கண்டு அழிப்பவர் நூற்றுக்கணக்கான இலையான்களை ஒரே முறையில் ஒழித்தவராவர். மாட்டிலையானின் வாழ்க்கையில் அது ஓரிடத்தில் திரண்டு, அசையாது, மனிதனின் கைக்கெட்டும் நிலையில் இருப்பது இப்பருவம் ஒன்றிலேயே என்பதை மறத்தலாகாது.

குடம்பி

குடம்பி இருபுறமும் கூர்ந்த கதிர்போன்ற வடிவுடையது. வெண்மையாகவோ மங்கிய மஞ்சள் நிறமாகவோ இருக்கும். உடல் வளையங்களைச் சுற்றித் தடித்த மேடுகள் உள. அவற்றை ஊன்றிச் சேற்றில் ஊர்ந்து செல்லும். உடலின் பின்முனையில் ஒரு சிறு சுவாசக்குழாய் உண்டு. சேற்றினுள் இருந்துகொண்டே இக்குழாயின் நுனியை மேற்பரப்புக்கு நீட்டி வளியைப் பெறும்.

தபானசுச் சாதியின் குடம்பி இரை பிடித்துண்ணும் இயல்புடையது. மண்புழு, நத்தை, பிற பூச்சிகளின் குடம்பி என்பவற்றைத் தன் கூரிய கொக்கிகளாற் பற்றி உறிஞ்சும். இரை கிடையாவிடின் தன்னினத்தையே உண்ணும். இதனாலேயே ஓரிடத்தில் ஆயிரம் பொரித்தபோதிலும் வளர்ந்து முடிவன சிலவேயாகும். ஆயினும் அவை பரந்த சேற்றுநிலமெங்கும் சிதறி வாழ்வதால் அவற்றைத் தேடி அழித்தல் எவராலும் ஆகாது. யப்பானிய நெல்வயல்களில் வேலை செய்வோரின் கைகால்களையும் இத்தகைய குடம்பிகள் கடிப்பதுண்டு. நாற்று நடும்போதோ களை பிடுங்கும்போதோ சேற்றினுள் முள் தைத்தாற்போலத் திடீரென வலி தோன்றின், அது இவற்றின் கடியாகவும் இருக்கலாம். இக்கடியால் வலியன்றி நோயெதுவும் பரவுவதில்லை.

குடம்பிப் பருவம் நீண்டது. குளிர் நாடுகளில் இது ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை நீடிக்கும். வெப்ப நாடுகளிற் சில மாதங்களில் நிறைவுறும். இக்காலத்திற் குடம்பி பலமுறை தோலுரித்து வளரும்.

கூட்டுப்புழுவும் நிறைவுடலியும்

வளர்ச்சி முற்றியதும் குடம்பி ஈரமிக்க சேற்றை விட்டுச் சற்று உலர்ந்த கரைமண்ணுக்கு நகரும். அங்கே மேற்பரப்புக்கு அண்மையில் நிலைக்குத்தாக நின்று கபிலநிறக் கூட்டுப்புழுவாக மாறும். ஒன்று முதல் மூன்று வாரத்தில் அதன் முதுகு பிளந்து இலையான் வெளிவரும். வயல் வரம்புகளும் வாய்க்காற் கரைகளும் இப்பருவத்துக்கு ஏற்ற இடங்களாகும்.

வெளிவந்த ஆண் இலையானுக்குக் கடிக்கும் உறுப்பில்லை. அது பூந்தேனையும் இனிய சாறுகளையும் உண்டு வாழும். பெண்ணும் பறத்தலுக்கு வேண்டிய வலுவைப் பூந்தேனிலிருந்தே பெறும். ஆனால் முட்டைகளை முதிர்விப்பதற்குப் பெண்ணுக்குக் குருதி வேண்டும். ஆதலால் விலங்குகளைக் கடிப்பன யாவும் பெண் இலையான்களே. நிறைவுடலி சில வாரங்கள் உயிர்வாழும். அக்காலத்துள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை குருதியுண்டு முட்டையிடவும் கூடும்.

கடிக்கும் முறை

நுளம்பு மெல்லிய ஊசியைச் செலுத்திக் குருதிக்குழாயைத் தேடி உறிஞ்சுவது. மாட்டிலையானின் வழி வேறு. அதன் வாயிற் கத்திபோன்ற அலகுகள் உள. அவை கத்தரிக்கோல்போல் இயங்கித் தோலையும் அதன் கீழுள்ள நுண்ணிய குருதிக்குழாய்களையும் வெட்டும். வெட்டிய இடத்திற் குருதி ஊறித் தேங்கும். அதனைப் பஞ்சுபோன்ற உதடுகளால் இலையான் நக்கி உறிஞ்சும். அதன் உமிழ்நீர் குருதி உறைவதைத் தடுப்பதால், இலையான் பறந்த பின்னரும் காயத்திலிருந்து குருதி கசிந்துகொண்டிருக்கும். அக்குருதியை நாடிப் பிற இலையான்களும் வந்து மொய்க்கும்.

ஓர் இலையான் ஒருமுறை உண்ணும் குருதி, இனத்தின் பருமனைப் பொறுத்து 20 முதல் 600 மில்லிகிராம் வரையாகும். இது சிறிதெனத் தோன்றலாம். ஆயின், இருபது முப்பது இலையான்கள் ஆறு மணி நேரம் தொடர்ந்து வருத்தினால், ஒரு விலங்கு ஏறக்குறைய 100 மில்லிலீற்றர் குருதியை இழக்கும் என்று முன்னர் அமெரிக்காவில் ஒரு மதிப்பீடு செய்யப்பட்டது. நாள்தோறும் இவ்வாறு நிகழுமாயின், ஏற்கெனவே மெலிந்த விலங்கின் நிலை என்னாகும் என்பதைக் கமக்காரர் தாமே உணர்வர்.

இவ்விலையானின் கடி மிகுந்த வலி தருவது. வலியுற்ற விலங்கு வாலை வீசும், தோலைச் சிலிர்க்கும், காலை உதைக்கும். இலையான் வயிறு நிறையும் முன்னரே எழுந்து பறந்து, அதே விலங்கின் வேறோரிடத்திலோ அருகில் நிற்கும் மற்றொரு விலங்கிலோ மீண்டும் அமர்ந்து உண்ணும். ஒருவேளை உணவைப் பல விலங்குகளிற் பகுதி பகுதியாக உண்ணும் இவ்வியல்பே நோய் பரவுவதற்கு வழியாகின்றது.

விலங்கைத் தேடி அடைதல்

மாட்டிலையான் பகலில் இயங்குவது. வெயிலும் வெப்பமும் மிகுந்து காற்று அடங்கியிருக்கும் வேளையில் அதன் தொல்லை மிகும். அதிகாலையிலும், மேகம் மூடிய நாளிலும், பலத்த காற்று வீசும்போதும் குறையும். சில இனங்கள் அந்தி வேளையிலும் வருவதுண்டு. ஆண்டில், மழை பெய்து நிலம் ஈரமுற்று இடையிடையே வெயில் எறிக்கும் நாட்களில் இவை பெருகிக் காணப்படும்.

விலங்கைத் தேடுவதற்கு இவ்விலையான் முதன்மையாகத் தன் கண்களையே நம்பியுள்ளது. பெரிய, கரிய, அசைகின்ற பொருள்கள் அதனைக் கவரும். விலங்கின் மூச்சிலிருந்து வெளிவரும் காபனீரொட்சைட்டும், உடலின் மணமும், சிறுநீரின் மணமும் அதனைத் தூரத்திலிருந்தே அழைக்கும். நீரின் மேற்பரப்பிலும் பளபளக்கும் கரிய தோலிலும் பட்டுத் தெறிக்கும் ஒளிக்கு ஒரு தனித்தன்மை உண்டு, மனிதனின் கண் அதனை வேறுபடுத்தி அறியாது, மாட்டிலையான் அறியும். முட்டையிட நீரையும், உணவுக்கு விலங்கையும் தேட அவ்வொளி அதற்கு வழிகாட்டுகின்றது. கருநிற மாடு வெண்ணிற மாட்டினும் மிகுதியாகக் கடியுறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இதனை விளக்கும் ஆராய்ச்சியொன்று 2019 ஆம் ஆண்டில் யப்பானில் வெளியாயிற்று. கரிய பசுக்களின் உடலில் வரிக்குதிரையைப்போல் வெண்கோடுகள் தீட்டப்பட்டன. கோடு தீட்டாத பசுக்களில் அமர்ந்த கடிக்கும் இலையான்களின் தொகையில் ஏறக்குறைய அரைப்பங்கே கோடு தீட்டியவற்றில் அமர்ந்தன. இதைக் கேட்டு எவரும் மாட்டின் உடலிற் சுண்ணாம்பு பூசுதல் கூடாது; சுண்ணாம்பு தோலை அரித்துப் புண்ணாக்கும். கண்ணைக் குழப்புவதன்மூலம் இலையானைத் தடுக்கலாம் என்பதே இங்கு அறியத்தக்க உண்மையாகும்.

மற்றொரு குணமும் பயன்படத்தக்கது. மாட்டிலையான் நிழல் செறிந்த, அடைத்த இடங்களுக்குள் புகத் தயங்கும். வெட்டவெளியில் மாட்டைத் துரத்திய இலையான்கள், மாடு கொட்டிலினுள் நுழைந்தவுடன் வாயிலில் நின்றுவிடுவதைப் பலர் கண்டிருக்கலாம்.

பரப்பும் நோய்கள்

1880 ஆம் ஆண்டில், அக்காலத்து இந்தியாவின் பஞ்சாப்புப் பகுதியில், கிரிபித்து எவன்சு என்னும் கால்நடை வைத்தியர், சறா என்னும் நோயினால் மடியும் குதிரைகளினதும் ஒட்டகங்களினதும் குருதியைப் பெருக்குக்கண்ணாடியில் ஆராய்ந்தபோது, அதில் நெளிந்து நீந்தும் நுண்ணுயிர்களைக் கண்டார். அவையே நோயின் காரணமென அவர் கூறினார். அவ்வுயிருக்குத் திரிப்பனோசோமா எவன்சி எனப் பின்னர் பெயரிடப்பட்டது. 1901 ஆம் ஆண்டில் உலெனாட்டு உறொசர்சு என்பவர் இந்தியாவில் நிகழ்த்திய பரிசோதனைகளால், மாட்டிலையான்கள் இந்நோயை ஒரு விலங்கிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்லும் என்பதைக் காட்டினார். பிலிப்பைன் தீவுகளில் மிற்சுமேன் அவர்களும் தபானசு இசுத்திரியேற்றசு என்னும் இனத்தைக்கொண்டு இதனை மெய்ப்பித்தார்.

இந்நுண்ணுயிர் இலையானின் உடலிற் பெருகுவதில்லை. கத்தி ஒன்றில் ஒட்டிய அழுக்கு மற்றொரு காயத்திற் படுவதுபோல, இலையானின் வாயில் ஒட்டிய குருதி அடுத்த விலங்கின் காயத்திற் படுகின்றது, அவ்வளவே. வாயில் ஒட்டிய குருதியில் அது நெடுநேரம் உயிர்வாழாது. ஆகவே நோயுற்ற விலங்குக்கு அருகில் நிற்கும் விலங்கிற்கே ஆபத்து மிகுதி. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், குருதிச்சோகை, கால்களிலும் வயிற்றின் கீழும் வீக்கம், நாளுக்குநாள் மெலிதல், கருச்சிதைவு என்பன சறா நோயின் அறிகுறிகளாகும். குதிரையும் நாயும் இந்நோயால் விரைவில் மடியும். எருமையிலும் மாட்டிலும் இது பெரும்பாலும் நெடுநாள் மறைந்திருந்து வலுவைக் குறைக்கும். இந்தியாவிலும் தென்கிழக்காசிய நாடுகளிலும் இந்நோய் இன்றும் உள்ளது.

செங்குருதிக்கலங்களைத் தாக்கும் அனாப்பிளாசுமா நோயையும் உண்ணிகளுடன் மாட்டிலையான்களும் பரப்பும். அடைப்பான் நோயின் கிருமியையும் இவை காவக்கூடும். 2020 ஆம் ஆண்டில் இலங்கையின் வட மாகாணத்தில் தோன்றிப் பின்னர் பிற பகுதிகளிலும் பரவிய தோற்கழலை நோய் ஒரு வைரசினால் உண்டாவது. உடலெங்கும் கழலைகள் எழும், காய்ச்சல் வரும், பால் வற்றும். 2019 ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் வெளியான ஆராய்ச்சியொன்று, தொழுவ இலையானும் மாட்டிலையான் குடும்பத்தைச் சேர்ந்த ஏமற்றோப்பொற்றா என்னும் சாதியும் இவ்வைரசைப் பரப்பவல்லவை எனக் காட்டியது. இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. தடுப்பூசி போடும் நாளில் மாட்டை மறைத்து வைப்பவர், தம் மாட்டுக்கு மட்டுமன்றி அயலாரின் மாட்டுக்கும் தீங்கு செய்கின்றனர்.

கட்டுப்படுத்தும் முறைகள்

மாட்டிலையானை முற்றாக ஒழித்தல் இயலாது. அதன் பிறப்பிடம் நெற்செய்கைக்கு வேண்டிய சேறும் நீருமே ஆதலால், அவற்றை நீக்கிவிடவும் முடியாது. ஆயினும், கீழ்க்காணும் முறைகளை ஒருங்கே கைக்கொண்டால் அதன் தொகையையும் தீங்கையும் பெரிதும் குறைக்கலாம்.

முட்டைக்கட்டிகளைச் சேகரித்தல்: வாரத்துக்கு ஒருமுறை வாய்க்காலோரத்திலும், வயலின் தாழ்ந்த மூலைகளிலும், துரவைச் சுற்றியும் நீரின்மேல் சாய்ந்த புல் கோரைகளைப் பார்வையிடல் வேண்டும். முட்டைகள் ஏறக்குறைய ஒரு வாரத்துட் பொரிக்குமாதலால் இவ்விடைவெளியை நீட்டுதல் கூடாது. கருங்கட்டி காணப்படும் இலைகளைக் கிள்ளி எடுத்தல் வேண்டும். இவற்றை உடனே நசுக்குவதிலும் சிறந்த வழியொன்றுண்டு. மாட்டிலையானின் முட்டையினுள் தன் முட்டையை இட்டு அதனை அழிக்கும் மிகச் சிறிய குளவிகள் உள. தெலினோமசு என்னும் சாதி அவற்றுள் ஒன்று. அகன்ற பாத்திரமொன்றில் நீர் விட்டுச் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி, நடுவே ஒரு கல்லை வைத்து, அதன்மேல் இவ்விலைகளை வைத்தல் வேண்டும். பொரிக்கும் குடம்பிகள் ஊர்ந்து எண்ணெய் நீரில் விழுந்து மடியும். குளவிகளோ பறந்து சென்று வயலில் எஞ்சிய முட்டைகளைத் தேடி அழிக்கும். கிள்ளிய இலைகளைப் பொறுக்கும் இவ்வேலையைச் சிறுவரும் செய்யலாம்; எண்ணெய்ப் பாத்திரத்தைப் பெரியோரே கையாளுதல் வேண்டும்.

களையகற்றலும் நீர் வடித்தலும்: வாய்க்காற் கரையிலும் வடிகாலிலும் வளர்ந்து நீரின்மேல் கவிந்த களைகளை வெட்டுவதால் இலையானுக்கு முட்டையிட இடம் குறையும். மரக்கறித் தோட்டங்களில் நீர் தேங்கும் வடிகால்களைச் சீராக வெட்டி நீரை ஓடவிடல் வேண்டும். பயன்படாத பள்ளங்களை நிரப்பிவிடல் நன்று. நெல்வயலில், பயிர் பூக்கும் பருவம் தவிர்ந்த காலத்தில், நீரை இடையிடையே வடித்து நிலத்தைச் சற்று உலரவிடுதல் நீர்ச்சிக்கனத்துக்கும் உதவும். மேற்சேற்றிலுள்ள குடம்பிகளுக்கும் இடர் விளைக்கும். ஆயினும் குடம்பி ஆழத்துக்கு இறங்கித் தப்பவல்லது; ஆதலால் இதனை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

இயற்கை எதிரிகளைப் பேணல்: ஏரின் பின்னே வரும் உண்ணிக்கொக்கும் மைனாவும் புரட்டப்பட்ட சேற்றிலிருந்து குடம்பிகளைப் பொறுக்கித் தின்னும். தும்பிகள் பறக்கும் இலையான்களைப் பிடிக்கும். மணலில் வளைதோண்டி வாழும் சிலவகைக் குளவிகள் மாட்டிலையானைப் பிடித்துத் தம் குஞ்சுகளுக்கு ஊட்டும். இவை கமக்காரரின் கூலியில்லா வேலையாட்கள். தேவையின்றிப் பூச்சிகொல்லி தெளிப்பவர் இவர்களைக் கொன்றவராவர்.

வேலை வேளையை மாற்றல்: உழவையும் சேற்றுவேலையையும் விடியற்காலையிலேயே தொடங்கி, வெயில் ஏறுமுன் விலங்குகளை அவிழ்த்துவிடல் வேண்டும். எஞ்சிய வேலையை மாலையில் வெயில் தாழ்ந்த பின்னர்ச் செய்யலாம். கடியால் வெருண்டு நிற்கும் எருதுகொண்டு நண்பகலில் உழுவதிலும் இது ஆதாயமானது. விலங்குக்கும் இளைப்பாறுதல் கிடைக்கும். இலையான் மிகுந்த காலத்தில் மேய்ச்சலையும் காலை மாலைகளுக்கு மாற்றிக்கொள்ளல் நன்று.

கொட்டிலும் புகையும்: நண்பகலில் விலங்குகளை வெட்டவெளியிற் கட்டாது, தென்னோலை வேய்ந்து பக்கங்களைக் கிடுகால் அடைத்த நிழற்கொட்டிலில் நிறுத்தல் வேண்டும். காற்றோட்டத்துக்கு வேண்டிய இடைவெளியை மேற்பகுதியில் விடலாம். வேப்பிலை, காய்ந்த சாணம் என்பவற்றைக்கொண்டு இடும் புகை இலையான்களைச் சற்று விலக்கும். புகை விலங்கின் கண்ணை எரிக்காதவாறு காற்று வரும் திசையறிந்து, நெருப்பு ஓலையிற் பற்றாத தூரத்தில் இடல் வேண்டும்.

எருமைக்குச் சேறு: எருமை சேற்றிற் புரளுவது சோம்பலால் அன்று. அதன் உடலிற் படியும் சேறு வெப்பத்தைத் தணிப்பதுடன் இலையானின் கடியையும் தடுக்கும். நண்பகலில் எருமைக்குச் சேற்றுக்குழியை மறுத்தல் கூடாது. அதே வேளையில், அக்குழியைச் சுற்றியுள்ள கோரைகளை வெட்டி, இலையான் அங்கு முட்டையிடாதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

கரும்பானைப் பொறி: மாட்டிலையானின் கண்ணையே அதற்குப் பகையாக்கும் பொறி இது. கனடாவில் கரும்பந்தைக்கொண்டு அமைக்கப்பட்ட பொறியை ஒட்டியது. பளபளக்கும் கருநிறம் பூசிய உருண்டைப் பானையொன்றை வெயில் படும் திறந்த இடத்தில், நிலத்திலிருந்து இடுப்பளவு உயரத்திற் கயிற்றில் தொங்கவிடல் வேண்டும். அதன் மேலே மூன்று கழிகளை நட்டு, ஒளி ஊடுசெல்லும் பொலித்தீன் தாளையோ வெள்ளை வலைத்துணியையோ கூம்புபோற் கட்டி, கூம்பின் உச்சியில் துளையிட்டு ஒரு கண்ணாடிப் போத்தலைக் கவிழ்த்துப் பொருத்துதல் வேண்டும். வெயிலிற் சூடேறிக் காற்றில் அசையும் கரும்பானையை விலங்கென எண்ணி இலையான் நெருங்கும். குருதி கிடையாதென அறிந்ததும் ஒளியை நோக்கி மேலே எழும். கூம்பினுட் புகுந்து போத்தலில் அகப்படும். இப்பொறியை மரநிழலில் வைத்தாற் பயனில்லை. பட்டிக்கும் நீர்நிலைக்கும் இடையே வைத்தல் சிறந்தது. அகப்படுவன பெரும்பாலும் முட்டையிடவிருக்கும் பெண் இலையான்களே ஆதலால், பிடிபடும் ஒவ்வொன்றும் வருங்கால முட்டைக்கட்டி ஒன்றின் அழிவாகும்.

நோயுற்ற விலங்கைப் பிரித்தல்: இம்முறைகளுள் மிக இன்றியமையாதது இதுவே. குருதி உண்ணும்போது கலைக்கப்பட்ட இலையான் அருகிலுள்ள விலங்கையே நாடும். தொலைவில் நிற்கும் விலங்கைத் தேடிச் செல்வதினும் முன்னைய விலங்குக்கே திரும்பும். குதிரைகளிற் செய்த ஆராய்ச்சியில், விலங்குகள் 50 மீற்றர் இடைவெளியில் நின்றபோது இலையான்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லவில்லை. ஆகவே காய்ச்சலோ கழலையோ மெலிவோ கண்ட விலங்கை உடனே பட்டியிலிருந்து பிரித்து, 50 மீற்றருக்குக் குறையாத தூரத்தில், கூடுமாயின் இன்னும் அப்பால், நிழற்கொட்டிலிற் கட்டி, கால்நடை வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். ஒரு கயிற்றையும் சிறிது நடையையும் தவிர இதற்குச் செலவெதுவும் இல்லை.

செய்யத்தகாதவை

நெல்லுக்கும் மரக்கறிக்கும் தெளிக்கும் பூச்சிகொல்லியை மாட்டின் உடலிற் பூசுதல் பெருந்தவறாகும். விலங்கு தோலின் வழியாகவும் நக்குவதாலும் நஞ்சுண்டு மடியக்கூடும்; அந்நஞ்சு பாலிலும் சேர்ந்து குழந்தைகளைச் சென்றடையும். விலங்குகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட மருந்துகளைக் கால்நடை வைத்தியர் கூறும் அளவில் மட்டும் பயன்படுத்தல் வேண்டும். மாட்டிலையான் விலங்கின்மீது மிகச் சிறிது நேரமே தங்குவதால், அம்மருந்துகளும் உண்ணியை அழிப்பதுபோல் இதனை அழிப்பதில்லை என்பதையும் அறிதல் நன்று.

குளத்திலும் வாய்க்காலிலும் நஞ்சு ஊற்றுதல் அதனினும் பெரிய தவறாகும். குடம்பி சேற்றினுள் ஆழமாக இருக்கும். நஞ்சு அதனை எட்டுமுன் மீனும் தவளையும் நன்மை செய்யும் பூச்சிகளும் மடியும். அந்நீரையே குடிக்கும் மனிதருக்கும் கேடு விளையும். முற்காலத்தில் இலையான்களுக்கெனப் பரவலாகப் பயன்பட்ட டீ.டீ.ரீ. என்னும் மருந்து, இத்தகைய கேடுகள் காரணமாகவே பின்னர் விவசாயத்திலிருந்து விலக்கப்பட்டது.

நினைவில் வைக்கவேண்டியவை

மாட்டிலையான் பிறப்பது நீரோரச் சேற்றில், சாணத்தில் அன்று.

கடிப்பது பெண் இலையான்; முட்டைக்காகவே அது குருதி உண்கின்றது.

நீரின்மேல் சாய்ந்த இலைகளிற் காணும் கருங்கட்டிகளை வாரந்தோறும் சேகரித்து அழித்தல் வேண்டும்.

உழவும் மேய்ச்சலும் காலையிலும் மாலையிலும். நண்பகலில் விலங்குக்கு நிழற்கொட்டில், எருமைக்குச் சேறு.

நோயுற்ற விலங்கை 50 மீற்றருக்கு அப்பாற் பிரித்துக் கட்டி, தடுப்பூசியையும் சிகிச்சையையும் காலந்தாழ்த்தாது பெறல் வேண்டும்.

ஒருவர் மட்டும் தம் வயலோரத்தைத் துப்புரவாக்கி, அயலவர் வாளாவிருப்பாராயின், ஒரு வயலிற் பிறந்த இலையான் மறுவயலின் மாட்டைக் கடிக்கும். ஒரே வாய்க்காலின் நீரைப் பகிர்ந்துகொள்ளும் கமக்காரர் யாவரும் போகத் தொடக்கத்தில் ஒன்றுகூடி வாய்க்கால் துப்புரவாக்கும் வழக்கம் ஊர்தோறும் உண்டு. அந்நாளிலேயே கரையோரக் களைகளை வெட்டி, முட்டைக்கட்டிகளையும் சேகரிப்பாராயின், தனித்து ஒருவர் பல நாள் உழைத்துப் பெறமுடியாத பயனை அவ்வூர் ஒரே நாளிற் பெறும்.